பெரியாற்றுத் தண்ணீர் வந்த காலத்துப் பூட்டனாரைத் தேடுவது எப்படி?

வாசகர் கேள்வி, 2023 செப்டம்பர் 3

எங்கள் பூட்டனார் பெரியாற்றுத் தண்ணீர் வந்த புதிதில் மேலூர் வட்டத்தில் வந்து குடியேறி, காட்டை அழித்து, அந்த மண்ணில் முதன்முதலாக ஏர் பூட்டியவர் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார்கள். இன்று கையில் இருப்பது அப்பா பெயரில் உள்ள பட்டா ஒன்றுதான். பூட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆண்டில் வந்தார் என்பவை யாருக்கும் தெரியவில்லை. இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வழி உண்டா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

2023 செப்டம்பர் 4

வழி உண்டு. என் பூட்டனாரும் அதே பெரியாறு பிரதானக் கால்வாயின் கீழ் நிலம் பிடித்தவர்தான். அவரைத் தேடிய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

பூட்டனாரிடமிருந்து தொடங்காதீர்கள், அப்பாவின் பட்டாவிலிருந்து தொடங்குங்கள். மனிதர்களின் பெயர் மாறும், எழுத்து மாறும், ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டாவில் உள்ள புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பதிவேடாகப் பின்னோக்கி நடந்தால், வழியில் பெயர்கள் தாமாக வந்து சேரும்.

முதல் படி, 1979-இல் தொடங்கி 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது வருவாய்த் துறையினர் யு.டி.ஆர். என்று சொல்வது. அப்போதுதான் பரப்பளவு ஏக்கர், செண்டிலிருந்து ஹெக்டேர், ஏர்ஸுக்கு மாறியது. உட்பிரிவு எண்கள் பலவும் மாறின. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஒப்புமைப் பதிவேடு இல்லாமல் இந்தப் படியைத் தாண்ட முடியாது. பரப்பளவை ஒத்துப்பார்ப்பது நல்ல சோதனை: ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 40.5 ஏர்ஸ். கணக்கு வெகுவாக விலகினால், வேறொரு நிலத்தின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அதற்குப் பின்னால் இருப்பவை தீர்வைப் பதிவேடுகள். ரயத்துவாரி கிராமங்களில், அதாவது அரசாங்கம் குடியானவரிடமே நேரடியாகத் தீர்வை என்ற நிலவரியை வாங்கிய கிராமங்களில், முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை தீர்வையைத் திருத்துவது வெள்ளையர் ஆட்சியின் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே நன்செயா புன்செயா, தரிசா, எந்தத் தரம், எவ்வளவு தீர்வை, பட்டாதாரர் யார் என்பவை இருக்கும். இந்தப் பதிவேட்டைத்தான் வருவாய்த் துறையினர் எஸ்.எல்.ஆர். என்பார்கள். எஸ்.எல்.ஆர். நகல் என்று கேட்டால் வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ விளங்கிக்கொள்வார்கள்.

2023 செப்டம்பர் 4, இரவு

ஒன்றை மறந்துவிடாதீர்கள். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் யாரேனும் இருந்தால் பதிவேடுகள் காத்திருக்கட்டும். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.

2023 செப்டம்பர் 11

பெரியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். வருடத்தின் பெயரைச் சொல்வார்கள். அது அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், எந்தச் சுற்று என்று தீர்மானிக்க வேண்டும். என் அத்தைப்பாட்டி, எங்கள் பூட்டனார் தாது வருடப் பஞ்சத்தில் மாடு மேய்க்கும் பையனாக இருந்ததாகவும், மன்மத வருடம் தண்ணீர் வந்ததாகவும் சொன்னார். தாது 1876–77, தென்னிந்தியாவையே உலுக்கிய 1876–78 பஞ்சத்தின் தொடக்கம் அது. மன்மத 1895–96. முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது என்பது எழுத்தில் உள்ள செய்தி. படிப்பறியாத ஒரு மூதாட்டியின் நினைவு அரசாங்க ஆவணத்தோடு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதைக் கண்டபோது, அவர் சொன்ன மற்றவற்றையும் மதிப்போடு கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. மாடு மேய்க்கும் வயது என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டு, பூட்டனார் 1860-களின் நடுவில் பிறந்தவர் என்று குறித்துக்கொண்டேன். இதைவிட நெருக்கமான பிறந்த ஆண்டு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறப்பு இறப்புப் பதிவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1899-இல் வந்தது. பூட்டனாரின் பிறப்பு அதில் இருக்க வாய்ப்பில்லை. அவருடைய இறப்பும் பிள்ளைகளின் பிறப்பும் இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவாரியான பெயர்ப் பட்டியலைத் தேடிப் பயனில்லை. நம் நாட்டில் தொகைகளை அச்சிட்டார்களே தவிர, வேறு சில நாடுகளைப் போல வீட்டுப் படிவங்களைச் சேமித்து வைக்கவில்லை.

2023 செப்டம்பர் 24

சார்பதிவாளர் அலுவலகத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகுதியாகக் கிடைத்தது அங்கேதான்.

சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1865-இலிருந்து நடக்கிறது. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று அண்மைக் காலத்துக்கு மட்டுமே உதவும். நூறாண்டுக்கு முந்தையதைக் கையால்தான் தேட வேண்டும். அசையாச் சொத்தைப் பற்றிய பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் நகல் செய்யப்பட்டிருக்கும். உரிய கட்டணம் செலுத்திய எவரும் அதைப் பார்வையிடலாம், நகலும் பெறலாம். மூன்றாம் புத்தகத்தில் உள்ள உயில்களுக்கும் நான்காம் புத்தகத்தில் உள்ள மற்றவற்றுக்கும் அந்த உரிமை எல்லார்க்கும் இல்லை. முதலாம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்ப்படி, மற்றொன்று கிராமமும் சொத்தும்படி. பெயர் அட்டவணையை நம்பித் தொடங்கினால் தலைசுற்றும். கிராமத்தின் பெயரைக் கொண்டு சொத்து அட்டவணையில் தேடுங்கள்.

பத்திரம் கிடைத்தால் விலையைப் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். “இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு” என்று தொடங்கும் முதல் வரியிலேயே தகப்பனார் பெயரும் இருப்பிடமும் வந்துவிடும். பழைய பத்திரங்களில் சாதியும் தொழிலும்கூட இருக்கும். அடுத்து, எதற்காக எழுதிக்கொடுக்கப்பட்டது என்ற காரணம்: முன்கடன் தீர்க்க, கலியாணச் செலவுக்கு, கிஸ்தி பாக்கி கட்ட. ஒரு குடும்பத்தின் நெருக்கடி அங்கேதான் எழுத்தில் தென்படும். இறுதியாக நான்கெல்லை. வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் நஞ்சை என்று அண்டை நிலத்தாரின் பெயர்கள் வரிசையாக வரும். என் பூட்டனார் கிரயம் வாங்கிய பத்திரம் கிடைப்பதற்கு முன்பே, அண்டை நிலத்துக்காரர் ஒருவர் எழுதிய அடமானப் பத்திரத்தின் மேற்கெல்லையாக அவர் பெயர் எனக்குக் கிடைத்தது. அப்போது அவர் அந்த ஊரில் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

சாட்சிக் கையெழுத்துகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சி போடுபவர் பெரும்பாலும் மாமன், மைத்துனன், பங்காளி.

2023 செப்டம்பர் 25

பத்திரத்தில் தமிழ் வருடம் மட்டும் இருந்து, ஆங்கிலத் தேதி கிழிந்திருந்தால் முத்திரைத்தாளைப் பாருங்கள். விக்டோரியா அரசியின் தலை, ஏழாம் எட்வர்டின் தலை, ஐந்தாம் ஜார்ஜின் தலை என்று மாறியிருப்பதைக் கொண்டு அறுபதாண்டுச் சுற்றை எளிதில் முடிவு செய்யலாம். விளம்பி வருடம் என்று இருந்து விக்டோரியாவின் தலையும் இருந்தால் அது 1898–99. 1958 ஆக முடியாது.

2023 அக்டோபர் 15

“காட்டை அழித்து முதன்முதலாக ஏர் பூட்டியவர்” என்று உங்கள் கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்று அன்றே நினைத்தேன். என் வீட்டிலும் அதே கதைதான் வழங்கியது.

எங்கள் நிலத்தின் பழைய தீர்வைப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே காடு என்று எழுதப்படவில்லை; புன்செய்த் தரிசு என்று இருந்தது. அதோடு, அதற்கும் முந்தைய ஒரு பட்டாதாரரின் பெயரும் குறிக்கப்பட்டிருந்தது. ரயத்துவாரி முறையில், தீர்வை கட்ட இயலாத குடியானவர் நிலத்தை ராஜிநாமா எழுதிக்கொடுத்து விட்டுவிடலாம். அப்படி விடப்பட்ட நிலம் அரசாங்கத் தரிசாகிவிடும். பின்னால் வருபவர் அந்த நிலத்தைத் தனக்குத் தரும்படி தர்க்காஸ்து மனு கொடுப்பார். கணக்குப்பிள்ளை நிலத்தின் நிலையை எழுதி அனுப்புவார். ஊரில் அறிவிப்புச் செய்து ஆட்சேபம் கேட்பார்கள். தாசில்தார் உத்தரவிட்டால் நிலம் கைக்கு வரும். என் பூட்டனார் பெற்றது அப்படிப்பட்ட தர்க்காஸ்து நிலம்.

முந்தைய பட்டாதாரர் எப்போது விட்டார், எதனால் விட்டார் என்று பதிவேடு சொல்லவில்லை. ஆனால் மானாவாரிப் புன்செயை உழுது பிழைத்த ஒரு குடும்பம் தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே இருந்த தடயமே இல்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு முடிவுதான் தோன்றுகிறது: அவர்களை விரட்டியது அந்தப் பஞ்சம்தான். இருபது ஆண்டு உழவில்லாமல் கிடந்தால் கரிசலோ செவலோ எந்தப் புன்செயிலும் வேலிகாத்தான் இல்லாத அந்தக் காலத்திலும் உடையும் விடத்தலும் இண்டும் மண்டிவிடும். என் பூட்டனார் கண்டதும் வெட்டியதும் உண்மையான முட்புதர்தான். அவர் கைகள் காய்த்ததும் உண்மைதான். ஆனால் அந்தப் புதருக்கு அடியில் இன்னொருவருடைய வரப்பு இருந்தது.

இதைச் சொன்னபோது எங்கள் சித்தப்பாவுக்கு வருத்தம். பூட்டனாரின் பெருமையைக் குறைக்கிறாய் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முந்தைய பட்டாதாரரின் பெயரை எங்கள் குடும்ப வரலாற்றின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவருடைய வழியினர் எங்காவது இருந்தால், அவர்களும் இப்படித் தேடிக்கொண்டிருக்கலாம்.

2023 அக்டோபர் 17

தண்ணீர் வந்த செய்தியையும் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. திருவிதாங்கூர் அரசோடு 1886 அக்டோபர் 29-இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1887-இல் வேலை தொடங்கியது. பென்னிகுயிக்கின் பொறுப்பில் 1895-இல் முடிந்தது. மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்து, வைகையின் குறுக்கே உள்ள பேரணை என்ற அணைக்கட்டில் பிரதானக் கால்வாய்க்குள் திரும்புகிறது. கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கண்மாய், கண்மாயிலிருந்து மடை என்று வயலை எட்டுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்திருக்கும். ஆகவே “தண்ணீர் வந்த வருடம்” என்று பெரியவர்கள் சொல்வது அணை திறந்த ஆண்டா, தங்கள் மடைக்குத் தண்ணீர் வந்த ஆண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புல எண் புன்செயிலிருந்து நன்செயாக வகை மாற்றப்பட்ட ஆண்டு பதிவேட்டில் இருந்தால் அதுவே உறுதியான விடை.

2023 நவம்பர் 19

எந்த ஊரிலிருந்து வந்தார் என்ற கேள்விக்கு வருவாய்ப் பதிவேடுகள் எனக்கு விடை சொல்லவில்லை. குலதெய்வம் சொன்னது.

குடியேறியவர்கள் நிலத்தை மாற்றினாலும் குலதெய்வத்தை மாற்றுவது அரிது. சிவராத்திரிக்கு உங்கள் குடும்பம் எந்தக் கோயிலுக்குப் போகிறது? அந்தக் கோயில் மேலூருக்கு வெளியே இருந்தால், உங்கள் பூட்டனாரின் தகப்பனார் அந்த வட்டாரத்தில் வாழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. கோயிலில் தலைக்கட்டு வரிக் கணக்கு உண்டா என்று பூசாரியிடமோ வரி வாங்கும் பெரியவரிடமோ கேளுங்கள். வெளியூர்த் தலைக்கட்டுகளைத் தனியாக எழுதும் வழக்கம் பல கோயில்களில் இருக்கிறது. எங்கள் கோயிலின் பழைய கணக்கில் என் பூட்டனாரும் அவருடைய தம்பியும் தனித்தனித் தலைக்கட்டுகளாக இருந்தார்கள். தம்பி பெயருக்கு எதிரே கண்டியில் இருப்பதாகக் குறிப்பு இருந்தது. இலங்கைத் தோட்டத்துக்குப் போன ஒரு சின்னப்பூட்டன் எங்களுக்கு இருந்தார் என்று வீட்டில் ஒருவர்கூட அதுவரை சொல்லியதில்லை.

கோயில் இருக்கும் ஊர் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தது. இங்கே தேடும் முறை முற்றிலும் மாறிவிடும். சிவகங்கையும் இராமநாதபுரமும் 1803-இல் நிரந்தரத் தீர்வைக்கு உட்பட்ட ஜமீன்கள். அங்கே குடியானவர் ஜமீனுக்கு வாரம், அதாவது விளைச்சலில் பங்கு, கட்டினார். அரசாங்கம் ஜமீன்தாரிடம் பேஷ்குஷ் என்ற கப்பம் வாங்கியது. ஆகவே குடியானவர் வாரியான அரசாங்கத் தீர்வைப் பதிவேடு, 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கிராமங்களுக்கு உருவானது. அதற்கு முன்னால் இருந்தவை ஜமீன் கணக்குகள். அவை எங்கே சென்றன என்பது ஊருக்கு ஊர் மாறும். பூட்டனாரின் தகப்பனாரைப் பொறுத்தவரை என்னிடம் உள்ளது ஒரு பெயர் மட்டுமே, அதுவும் கிரயப் பத்திரத்தின் முதல் வரியிலிருந்து வந்தது.

2023 நவம்பர் 20

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பி வரும். 1890-களின் பத்திரத்தில் இருப்பவரையும் 1940-களின் பத்திரத்தில் இருப்பவரையும் ஒருவரே என்று எண்ணிவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். தகப்பனார் பெயரோடு சேர்த்தே எந்தப் பெயரையும் எழுதுங்கள்.

2024 ஜனவரி 7

பழைய கணக்குகளைப் படிப்பது கடினம் என்று எழுதியிருந்தீர்கள். புள்ளி வைக்காத எழுத்து, கொம்பும் காலும் ஒன்றுபோலத் தெரியும் கை, தமிழ் எண்கள், அவற்றோடு பின்னக் குறிகள். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, அரைக்கால் எட்டில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றின் குறிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சில வாரத்தில் கண் பழகிவிடும். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, அந்தக் கையெழுத்தைப் படித்துப் பழகிய பரம்பரையும் முடிந்தது. உங்கள் ஊரில் முன்னாள் கணக்குப்பிள்ளையின் வீட்டார் இருந்தால் மரியாதையோடு போய்க் கேளுங்கள்; படித்துக் காட்ட ஒருவர் கிடைக்கலாம்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வருவாய் வாரிய நடவடிக்கைகள் அங்கே கடலாகக் குவிந்திருக்கின்றன என்றாலும், ஒரு தனிக் குடியானவரின் பெயர் அங்கே வருவது தகராறோ மேல்முறையீடோ இருந்தால்தான்.

2024 பிப்ரவரி 18

பூட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தர்க்காஸ்து நிலத்தை ஒட்டி வாங்கிய நன்செய்க்கு 1907-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. எழுதி வாங்கியவர் பூட்டனார் அல்லர், அவருடைய மனைவி. கிரயப் பணம், தாய் வீட்டுச் சீதனமாக வந்த நகைகளை விற்றுக் கொடுத்தது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. பிறகு நடந்த பாகப்பிரிவினையில் அந்த நிலம் மற்ற நிலத்தோடு சேர்ந்து ஆண்மக்களுக்குப் பிரிந்தது. மகள்களின் பெயர் அந்தப் பத்திரத்தில் எங்குமே வரவில்லை. அடுத்த தலைமுறையில் அது “பூட்டன் சம்பாத்தியம்” ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு இரண்டு போகம் நெல் தந்த நிலம் அது. பட்டாவை மட்டும் பின்தொடர்ந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. செப்டம்பர் 4 குறிப்பில் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: சொத்து அட்டவணையில் உங்கள் கிராமத்தைத் தேடும்போது பெண்களின் பெயரில் உள்ள பத்திரங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

பூட்டியின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது பழைய மொய் நோட்டு. தாய்மாமன் வரிசை எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதில் முதல் பக்கத்திலேயே இருந்தது.

2024 பிப்ரவரி 25

இன்னொரு சாராரும் இருக்கிறார்கள். முட்புதரை வெட்டியதும் கல் பொறுக்கியதும் வரப்புப் போட்டதும் ஒரு மனிதரும் அவர் மனைவியும் மட்டும் செய்திருக்கக்கூடிய வேலை அல்ல. எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பண்ணையாளாக இருந்த குடும்பத்தின் மூத்தவரைச் சந்தித்துக் கேட்டேன். அவருடைய பாட்டனார் பெயரையும், எந்த வயலை யார் திருத்தினார்கள் என்பதையும் வயல் வயலாகச் சொன்னார். பத்திரங்களில் இல்லாத வயல் பெயர்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. அவற்றில் இரண்டு, உழைத்தவரின் பெயரால் வழங்கியவை.

1892-இல் சென்னை அரசாங்கம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். உங்கள் ஊரின் தீர்வைப் பதிவேட்டைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பு எந்தப் புல எண்களுக்கு நேரே இருக்கிறது என்றும், இன்று அவை யார் கையில் இருக்கின்றன என்றும் பாருங்கள். உங்கள் பூட்டனாரின் நிலம் அவற்றில் ஒன்றாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

2024 மார்ச் 10

நீங்கள் அனுப்பிய எஸ்.எல்.ஆர். நகலைப் பார்த்தேன். உங்கள் புல எண்ணுக்கு நேரேயும் தரிசு என்றே இருக்கிறது. முந்தைய பெயர் உள்ள பத்தியில் மை படிந்து, முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. கிழக்கெல்லையாக உள்ள அடுத்த புல எண்ணின் பக்கத்தையும் நகல் எடுங்கள். ஒரே குடும்பம் விட்ட நிலங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். அந்தப் பெயர் அங்கே முழுமையாக இருக்கலாம். சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போய்வந்திருப்பீர்கள். தலைக்கட்டுக் கணக்கில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.